மைக்கைத் திருப்பிக் கொடுக்காதவள்

எங்கள் பக்கத்தில் மாட்டுவண்டிப் பந்தயம் என்றால் மாடு ஓடினால் மட்டும் போதாது. அது ஓடுவதை ஒருவர் சொல்லவும் வேண்டும். பந்தயம் நடப்பது தார் ரோட்டில். கொடி அசைத்த கொஞ்ச நேரத்தில் வண்டிகள் கண்ணை விட்டு மறைந்துவிடும். அப்புறம் கூட்டம் நிற்பது காதை நம்பித்தான். பின்னால் பைக்கில் போகிறவன் போனில் சொல்வான், அதை வாங்கி மைக்கில் ஒருவர் சொல்ல வேண்டும். வெறுமனே சொன்னால் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மாட்டின் குளம்புச் சத்தம் காதில் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும்.

இராமநாதபுரம் வட்டாரத்தில் அப்படிச் சொல்கிறவள் சேதுலட்சுமி. அவளுக்கு மைக் கொடுக்கிறவன் நான். பெரியபட்டினத்தில் இறங்கி மைக்செட் நவ்ஷாத் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட என் கடையைக் கை காட்டும். கல்யாணம், கந்தூரி, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டியவன். கத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பேசத் தெரிந்தவர்கள் குறைவு.

சேதுலட்சுமியின் குரல் கட்டைக் குரல். அதை மெல்லிசாக்கிப் பேச அவள் முயன்றதே இல்லை. ஒரு தடவை கேட்டேன்.

"இந்தக் குரலுக்குத்தேன் கூட்டம் நிக்கிது பாய். இத மாத்திட்டு நான் எங்க போயிப் பொழைக்கிறது?" என்றாள்.

அவளுடைய அய்யா முத்துராமலிங்கம் மிளகாயும் பருத்தியும் போடுகிற சம்சாரி. ஒரு காலத்தில் பந்தய வண்டி ஓட்டியவர். மாட்டோடு வளர்ந்த பிள்ளை, மீசை அரும்புகிற வயசில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு மதுரைக்குப் போனாள். சில வருஷம் கழித்து ஒரு காலையில் சேலை கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். முத்துராமலிங்கம் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"நின்னுக்கிட்டே இருந்தா எப்புடி? மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்றார்.

அவ்வளவுதான். அன்றைக்கு உள்ளே போனவள்தான், இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

அவளுக்கு ஒரு பழைய பேர் இருந்தது. எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். உங்களுக்கு அது எதற்கு?

பேர் விஷயத்தில் பந்தயக்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. நல்ல ஓட்டக்காரக் காளைகள் கை மாறிக்கொண்டே இருக்கும். தேவிபட்டினத்தில் ஓடிய மாடு அடுத்த வருஷம் சாயல்குடியில் நிற்கும். இப்போது யார் பேரில் வண்டி பூட்டியிருக்கிறதோ அந்தப் பேரைத்தான் மைக்கில் சொல்ல வேண்டும். ஒருவர் மகள் பேரில் விடுவார், ஒருவர் குலசாமி பேரில் விடுவார். எந்தப் பேரைக் கொடுத்தார்களோ அந்தப் பேர். வாய் தவறி, "முன்னாள் இன்னார் மாடு" என்று பழைய ஓனர் பேரைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. கொடி அசைக்கிற நேரத்தில்கூட மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்படி ஒரு பந்தயத்தில் அடிதடியாகி என் குழாய் ஸ்பீக்கர் ஒன்று நசுங்கியிருக்கிறது. சேதுலட்சுமி இதுவரை ஒரு மாட்டுக்கும் பழைய பேர் சொன்னதில்லை.

அவள் மைக் பிடித்ததே தற்செயல்தான். அதுவரை எங்கள் மைக்கில் பேசிக்கொண்டிருந்தவருக்குப் பந்தயத்தின் நடுவில் தொண்டை கட்டிக்கொண்டது. மேடைக்குக் கீழே நின்றிருந்தவள் ஏறி வந்து, "குடுங்க பாய், வண்டி திரும்பி வந்துக்கிட்டு இருக்கு" என்று வாங்கினாள். யாராவது கல்லை விட்டெறிந்தால் என் ஆம்ப்ளிஃபயர் போகுமே என்பதுதான் அப்போது என் கவலை. யாரும் எறியவில்லை. கடைசி வண்டி வந்து சேரும்வரை ஒருவரும் அசையவுமில்லை. அதிலிருந்து எந்த ஊர்ப் பந்தயத்துக்கு ஸ்பீக்கர் கேட்டாலும், "லட்சுமியும் சேத்துத்தான் பாய்" என்பார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் டிவிக்காரர்கள் வந்தார்கள்.

கமுதிப் பக்கம் அவள் பேசிய பந்தயத்தை யாரோ போனில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அது ஊரெல்லாம் சுற்றி, ஒரு சேனலின் நிருபர் காமிராவோடு தேடி வந்தார். பேர் சூர்யா. கையில் சதா போன், வாயில் சதா "சூப்பர்க்கா". நல்ல பையன்தான், அதுதான் தொந்தரவே. கெட்டவனாக இருந்தால் அன்றைக்கே விரட்டியிருக்கலாம்.

சேதுலட்சுமிக்கு அன்று தலைகால் புரியவில்லை. "நம்ம தொழிலு டிவில வரப்போகுது, இருக்கிறதுலயே நல்ல மைக்கக் கொண்டாங்க பாய்" என்று என்னை வரச் சொன்னாள். காமிரா முன்னால் ஒரு முழுப் பந்தயத்தையே பேசிக் காட்டினாள். மாடே இல்லாத வெறும் களத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சூர்யா கேட்டது வேறு. கண்ணாடி முன்னால் பொட்டு வைக்கச் சொன்னார். வைத்தாள். வளையலை ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். போட்டாள். சின்ன வயசுப் போட்டோ கேட்டார், இல்லை என்றாள். அப்புறம் காரில் ஏற்றிக்கொண்டு பாம்பன் பாலம் தாண்டி தனுஷ்கோடிக்கே கூட்டிப் போனார்கள்.

"அங்கன என்ன பந்தயமா நடக்குது?" என்று கேட்டாள்.

"சும்மா கடலப் பாத்துக்கிட்டு நில்லுங்கக்கா. ஃபீல் நல்லா வரும்."

மிளகாய்க் காட்டில் பிறந்து வளர்ந்தவள். கடலோடு அவளுக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. இருந்தாலும் நின்றாள். முத்துராமலிங்கத்தையும் உச்சி வெயிலில் நிறுத்தி, "எப்ப வீட்ட விட்டுத் துரத்துனீங்க?" என்று கேட்டார்கள். "நான் எங்கய்யா துரத்துனேன்? அவளாப் போனா, அவளா வந்தா" என்று சொல்லிவிட்டு, மனுஷர் துண்டால் முகத்து வேர்வையைத் துடைத்தார்.

ஒளிபரப்பான அன்று நானும் என் மனைவி ஜஸீலாவும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். வயலின் ஆரம்பித்தது. கடல் வந்தது. சேதுலட்சுமி மெதுவாக, ரொம்ப மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். திரையின் கீழ்ப் பட்டையில் அவளுடைய பழைய பேர், பெரிய எழுத்தில். ஊரில் யாரையோ கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பேராகப் பிறந்து இந்தப் பேராக மாறியவள் என்று ஒரு பெண்குரல் சொன்னது. சமூகம் துரத்தியது, பெற்ற தகப்பனும் துரத்தினார், கடல் மட்டுமே அணைத்துக்கொண்டது என்றது. முத்துராமலிங்கம் துண்டால் முகம் துடைத்ததைக் காட்டி, காலம் கடந்து கண்ணீர் விடும் தந்தை என்றது. கடைசியில் அவள் மைக்கோடு நின்றாள். களத்தில் உயிரைக் கொடுத்துப் பேசினாளே, அதுதான். வாய் அசைந்தது. சத்தம் இல்லை. வயலின்தான் கேட்டது.

ஜஸீலா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "யா அல்லாஹ், இந்தப் புள்ள இம்புட்டுக் கஷ்டப்பட்டுச்சா?"

"முந்தாநாள் உன்னோட உக்காந்து இடியாப்பம் தின்னுட்டுப் போனாளே, அப்பக் கேட்டிருக்கலாமே" என்றேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. குரலை வைத்துப் பிழைக்கிறவளைக் காட்டுகிறோம் என்று சொல்லி, குரலை மட்டும் வெட்டி எறிந்திருக்கிறார்களே!

மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே அவள் வந்து நின்றாள்.

"பாய், என் வாயி அசையுது. சத்தம் எங்க?"

நான் கடைப் பூட்டைத் திறந்தேன். அவள் விடவில்லை.

"பேப்பர்ல நாங்க வந்தா ஒண்ணு அழுகணும், இல்ல போலீஸ் ஸ்டேசன்ல நிக்கணும். வேல செய்யிறவளக் காட்ட அவுககிட்ட இடமே இல்லையா? எங்க அய்யாவ வேற அழுக வச்சுட்டாக. அந்த மனுசன் டீக்கடைக்கே போகல. பெத்த புள்ளய விரட்டுனவன்னு பேசுறாகளாம்."

அதோடு போயிருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்போம். ஆனால் அந்த வார்த்தைகள் ஊருக்குள் இறங்கிவிட்டன. போகிற இடமெல்லாம் பெண்கள் அவள் கையைப் பிடித்து, "பாவம்மா நீ" என்றார்கள். ஒருத்தியிடம் அவள், "போன மாசம் ஒங்க மாடு மொதல்ல வந்துச்சுன்னு நாந்தேன் சொன்னேன். அப்பத் தெரியாத பாவம் இப்ப எங்கருந்துக்கா வந்துச்சு?" என்று கேட்டே விட்டாள்.

பாவம் என்கிற சொல்லுக்கு என்ன விலை என்பது காளிதாஸ் வந்தபோதுதான் தெரிந்தது.

காளிதாஸ் ஒரு ஊர்ப் பந்தயக் கமிட்டித் தலைவர். ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். மறுபடியும் அங்கே ஸ்பீக்கர் கட்ட வேண்டியிருந்தாலும் இருக்கும். வருஷத்தில் பெரிய பந்தயம் அவர்களுடையதுதான். அங்கே மைக் பிடித்தவரைத்தான் அந்தப் பருவம் முழுக்க மற்ற ஊர்களும் கூப்பிடும். அங்கே மைக் கைவிட்டுப் போனால் எல்லா இடத்திலும் போச்சு. வருஷா வருஷம் சேதுலட்சுமியை "ஏத்தா, வந்துரு" என்று கூப்பிடுகிறவர், அன்று என் கடையில் அவளைப் பார்த்ததும், "வாங்கம்மா, உக்காருங்க" என்றார்.

"இந்த வருசம் நீங்கதான் சிறப்பு விருந்தினர். மேடைல நாற்காலி போட்டு, சால்வ போத்தி, ஊரே கை தட்டப்போகுது. டிவிலருந்து திரும்ப வாராக."

"மைக்கு?"

"அதுக்கு மதுரையிலருந்து ஒருத்தரப் பேசியாச்சு. நீங்க எம்புட்டோ பட்டுட்டீக, பாவம். இனியும் வெயில்ல நின்னு கத்தணுமா?"

"அண்ணே, நான் கத்துறதில்ல. பேசுறேன்."

"சரி, பேசுறீக. இந்த ஒரு வருசம் உக்காருங்க." சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார். மரியாதை கொடுத்துவிட்டோம் என்ற திருப்தி அவர் முதுகிலேயே தெரிந்தது.

சேதுலட்சுமி அவர் தெருமுனை தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "திட்டி வெளியே போகச் சொன்னா சண்ட போடலாம் பாய். கும்புட்டு உக்கார வச்சா என்ன செய்யிறது?" என்றாள்.

"போகாதே" என்றேன்.

"போவேன். என் வேல நடக்குற எடத்துக்கு நான் போகாம?"

பந்தய நாள். ரோட்டின் இரண்டு பக்கமும் தலை தலையாகக் கூட்டம். வண்டிகள் வரிசையில் நிற்க, பெரிய மாடுகள் மூக்கணாங்கயிற்றை இழுத்துக்கொண்டு முறைத்தன. சேதுலட்சுமி அரக்குப் பட்டில் மேடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் கிடந்தன. மைக் இல்லாத அந்தக் கைகளைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. முன்வரிசை ஓரத்தில் முத்துராமலிங்கம். மகள்தான் இழுத்து வந்திருந்தாள். தலையில் துண்டைப் போட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மதுரைக்காரர் மைக்கில் தேனாறு பாலாறு எல்லாம் ஓட விட்டுக்கொண்டிருந்தார். பாவம், தொழில் தெரிந்த மனுஷர், அவர்மேல் குற்றமில்லை.

சூர்யா என்னிடம் வந்தார். "அண்ணே, ஆடியோவ உங்க மிக்ஸர்லருந்தே நேரா எடுத்துக்கலாமா? காத்து சத்தம் வராது."

"தாராளமா" என்று நானே ஒயரைச் சொருகிக் கொடுத்தேன். இந்தத் தடவை அவள் என்ன பேசினாலும் சுத்தமாகப் பதியட்டும் என்றுதான்.

சால்வை போர்த்தினார்கள். காமிரா பக்கத்தில் வந்தது. காளிதாஸ் மதுரைக்காரரிடமிருந்து மைக்கை வாங்கி, அவள் கையில் கொடுத்தார். "நன்றி சொல்லி ரெண்டு வார்த்த பேசுங்கம்மா."

அவள் எழுந்தாள். சால்வையை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தாள். மைக்கை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். அந்தத் தட்டை நான் அறிவேன். பந்தயம் தொடங்கும்போது தட்டுவது.

"ரசிகப் பெருமக்களே! வண்டி கிளம்புறதுக்கு முன்னால ஒருத்தர அறிமுகப்படுத்தணும். இதோ, என் முன்னால காமிராவோட நிக்கிறாரு நிருபர் சூர்யா. இவரு ஆணாகப் பிறந்தவரு! இன்னைக்கு வரைக்கும் ஆணாவே வாழ்ந்துக்கிட்டு வாராரு!"

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு எங்கேயோ ஒரு சிரிப்பு கிளம்பியது.

"சமுதாயம் இவரத் துரத்துச்சா, தெரியாது. பெத்தவுக துரத்துனாகளா, தெரியாது. இருந்தாலும் மனந்தளராம, பேன்ட் போட்டு, சட்ட போட்டு, தன் கால்லயே நிக்கிறாரு பாருங்க! தம்பி, தொட்டில்ல போட்டப்ப என்ன பேரு வச்சாக? சின்ன வயசுப் போட்டா இருக்கா? காலைல கண்ணாடி முன்னால சவரம் பண்ணுவீகளே, அதக் கொஞ்சம் மெதுவாப் பண்ணுங்க, நாங்க பாக்குறோம். அப்புறம் ஒங்கள தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போயி கடலப் பாக்க விடுறோம். ஃபீல் நல்லா வரும்!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. வண்டிமேல் நின்றவர்கள் சாட்டையை ஆட்டிச் சிரித்தார்கள். சூர்யாவின் காது சிவந்துவிட்டது, ஆனால் காமிராவை இறக்கவில்லை. காளிதாஸ் மேடை ஓரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கையால் வெட்டிக் காட்டினார். லைனைக் கட் பண்ணு என்று அர்த்தம். நான் ஆம்ப்ளிஃபயரில் கை வைத்தேன். வைத்து, சத்தத்தைக் கூட்டினேன்.

"சிரிக்கிறீக" என்றாள் சேதுலட்சுமி. குரல் இறங்கியிருந்தது. "இதே கேள்விய என்கிட்டக் கேட்டு டிவில போட்டாக. அப்ப ஒருத்தரும் சிரிக்கல. அழுதீக."

சிரிப்பு நின்றது.

"இங்கன நிக்கிற வண்டிக்காரவுகளக் கேக்குறேன். ஒங்க மாட்டுக்குப் பழைய ஓனரு பேரச் சொன்னா என்ன செய்வீக? அவுத்துக்கிட்டுப் போயிருவீக. ஒங்க மாட்ட நான் என்னைக்காச்சும் பழைய பேருல கூப்புட்டிருக்கேனா? அப்ப என் பேர மட்டும் ஏன் அவுத்து விட்டீக? டிவில போட்டாக, நீங்க பாத்துக்கிட்டு இருந்தீகளே!"

மாட்டின் கழுத்துச் சலங்கை மட்டும் கேட்டது.

"அந்தா உக்காந்திருக்காரு எங்க அய்யா, முத்துராமலிங்கம். அவரு என்ன விரட்டல. மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொன்னாரு. டிவில அவரு அழுகவும் இல்ல. அன்னைக்கு வெயிலு, வேர்த்துச்சு! அய்யா, தலைல கெடக்குற துண்ட எடுங்க!"

முத்துராமலிங்கம் துண்டை எடுத்தார். இப்போது அவர் முகத்தில் இருந்தது வேர்வைதானா என்று நான் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது.

காளிதாஸ் வேகமாக வந்து கையை நீட்டினார். "போதும்மா, மைக்கக் குடுங்க. நேரமாகுது."

"நேரமாகுதுன்னுதேன் நானும் சொல்றேன். கொடியத் தூக்குங்க."

அவர் மதுரைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனுஷர் ஓரமாக உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "அந்தம்மாவே பேசட்டும் சார்" என்றார். அப்போது வரிசையின் முதல் வண்டிக்காரர் குருநாதன், மாட்டின் நுகத்தடியில் கையை வைத்துக்கொண்டு சத்தம் போட்டார். "எங்க வண்டிப் பேரச் சேதுலட்சுமி சொல்லட்டும். இல்லாட்டி நான் அவுக்குறேன்!" அடுத்த வண்டியிலும் நுகத்தடிமேல் கை போனது. அதற்கடுத்த வண்டியிலும் போனது. பந்தயக்காரர்கள் வார்த்தையால் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்களுக்குத் தெரிந்த வழி அதுதான்.

காளிதாஸ் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். கொடி ஏறியது.

சேதுலட்சுமி ஒவ்வொரு வண்டிக்கும் கொடுத்த பேரைக் கொடுத்தபடியே சொன்னாள். கொடி இறங்கியது. அதற்கப்புறம் அவள் பேசியதை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது. வண்டிகள் திரும்பி வந்தபோது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கூட்டம் எழுந்து நின்றுவிட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

காளிதாஸ் எங்களை மறுபடி கூப்பிடவில்லை. அந்த ஊர் போனது போனதுதான். சால்வை மட்டும் என்னிடம் இருக்கிறது. மழைக் காலத்தில் மிக்ஸரை மூடி வைக்க உதவுகிறது.

அவள் மேடையில் பேசியது டிவியிலும் வரவில்லை. இரண்டு நாள் காத்திருந்தோம். பிறகு சூர்யா போன் செய்தார். "அண்ணே, ஆபீஸ்ல போட மாட்டேன்னுட்டாங்க. அழுகை எங்கேன்னு கேக்குறாங்க. வெட்டாம முழுசா என்கிட்ட இருக்கு. அக்காவுக்கு அனுப்பட்டுமா?"

அவளிடம் சொன்னேன். "வயலின் இல்லாம அனுப்பச் சொல்லுங்க" என்றாள்.

வந்தது. அவளுடைய கட்டைக் குரல், காற்றுச் சத்தம்கூட இல்லாமல், என் மிக்ஸரிலிருந்து போனது போனபடி. அன்று மாலைக்குள் திருப்புல்லாணியிலிருந்து கமுதி வரை ஒவ்வொரு போனிலும் அது பேசிக்கொண்டிருந்தது. முத்துராமலிங்கம் டீக்கடைக்குப் போய், போனை மேசைமேல் வைத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டிவிட்டு டீ குடித்தாராம்.

அடுத்த வாரம் சாயல்குடிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு கமிட்டிக்காரர் கூப்பிட்டார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். பக்கத்தில் சேதுலட்சுமி ஒயர் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா லட்சுமி, நம்மூருப் பந்தயத்துக்கு வாரியா? முன்னாடியே சொல்லிப்புடுறேன், மேடைல நாற்காலி கெடையாது, சால்வ கெடையாது. வெயில்லதான் நிக்கணும். மைக்கு மட்டுந்தான்."

அவள் ஒயரைக் கீழே வைத்தாள்.

"தேதியச் சொல்லுங்கண்ணே" என்றாள்.